கூட்டாமல் குறைக்காமல்

பேசத் தொடங்குவதற்கு முன் இராசமணி தொண்டையைச் செருமினாள். அவள்தான் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் நானும் மகளும் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் குசினி மேசையில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி, முன்னால் கொப்பியும் பென்சிலுமாக இருந்தேன். ஒஸ்லோவின் வைத்தியசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தொலைபேசியில் மொழிபெயர்ப்பது என் தொழிலாகி நான்கு வருடங்கள். அன்றைய பதிவு, மனநல மருத்துவர் ஒருவரிடம் முதல் தடவையாக வரும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு. வருகிறவரின் பெயரை முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். என் பெயரையும் நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் இரண்டு மொழிகளிலும் நான் ஒப்புவிக்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: சொல்லப்படும் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன், எதையும் கூட்டமாட்டேன், எதையும் குறைக்கமாட்டேன், கேட்டதை வெளியில் சொல்லமாட்டேன். மறுமுனையில் இருப்பவர் சொந்தக்காரராகவோ வேண்டாதவராகவோ இருந்தால் அந்த நிமிடமே சொல்லி விலகிவிட வேண்டும் என்பதும் விதி.

நான் விலகவில்லை.

"எனக்கு நித்திரை வருகுதில்லை," என்றாள் இராசமணி. குரல் மெலிந்திருந்தது. ஒரு காலத்தில் திருமண வீடுகளில் மூன்று அறை தாண்டிக் கேட்கும் குரல். "நெஞ்சுக்குள்ள எரியுது தங்கச்சி. விடிய எழும்பேக்கை துவங்கினால் பொழுது படுமட்டும் எரியுது."

தங்கச்சி என்றதால் என் குரலை அவள் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஒன்பது வருடங்கள் நான் மனதுக்குள் வழக்காடிய ஒருத்தி, ஒரு அழைப்பில் தன் காலில் நடந்து என் குசினிக்குள் வந்துவிட்டாள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் நொர்வேஜிய மொழியில் சொன்னேன்.

இராசமணி, என் கணவராக இருந்த சந்திரகுமாரின் அக்கா. எனக்கு மச்சாள். தொண்ணூற்றைந்தில் கலியாணத்துக்காக நான் ஒஸ்லோ வந்திறங்கியபோது விமானநிலையத்துக்குத் தடித்த குளிர்ச்சட்டை கொண்டுவந்து என் தோளில் போட்டவள் அவள்தான். அவளும் கணவர் சிறீஸ்கந்தராசாவும் ஹவுகன்ஸ்டுவாவில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நாங்களும் முதல் இரண்டு வருடம் அவர்களோடுதான் இருந்தோம். தொண்ணூற்றேழு ஜனவரியில் மிதுனா பிறந்தாள். பிறந்து மூன்றாம் நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. பால் சுரக்கவில்லை. பிள்ளை அழும், அந்த அழுகை வேறு யாரோ வீட்டில் கேட்பது போல இருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதற்கு வைத்தியத்தில் ஒரு பெயர் இருக்கிறது, பத்துப் பெண்களில் ஒருத்திக்கு வரும், மருந்து இருக்கிறது, மாறிவிடும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே சொல்தான் இருந்தது: விசர்.

என்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது நொர்வேஜிய மொழியில் நன்றியும் வணக்கமும் மட்டும் தெரியும். இராசமணி இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடங்கள், ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை, பாஷை வரும். மருத்துவருக்கும் எனக்கும் நடுவில் அவளை இருத்தினார்கள். நான் சொன்னது எனக்கு இன்றைக்கும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "பிள்ளையைத் தூக்கப் பயமாக் கிடக்கு மச்சாள். என்ர கை நடுங்குது. விழுத்திப்போடுவன் போல கிடக்கு." அவள் என் கையைத் தடவியபடி மருத்துவரிடம் ஏதோ சொன்னாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மீண்டும் எழுதினார்.

இரண்டு நாள் கழித்து சிறுவர் நல அலுவலகத்தார் மிதுனாவை என்னிடமிருந்து எடுத்தார்கள். தகப்பனும் மாமி இராசமணியும் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவானது. நான் மூன்று மாதம் வைத்தியசாலையில். வெளியில் வந்த பிறகு, புதன்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், விளையாட்டுச் சாமான்கள் நிறைந்த ஒரு அறையில், மூலையில் ஒரு பெண் இருந்து குறிப்பெடுக்க, என் பிள்ளையை நான் பார்த்தேன். சந்திரகுமார் விவாகரத்துக் கேட்டான். பிறகு கனடாவுக்குப் போய் இன்னொரு கலியாணம் செய்தான். பிள்ளை இராசமணியோடேயே இருந்தாள். அவளை அம்மா என்றும் என்னை அன்ரி என்றும் கூப்பிட்டாள்.

அந்த வருடங்களில்தான் நான் நொர்வேஜிய மொழி படித்தேன். ஆசையில் படிக்கவில்லை. பகல் வகுப்பு, மாலை வகுப்பு, ரயிலில் கிடக்கும் பழைய பேப்பர், பால் பெட்டியில் எழுதியிருப்பது, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். பாஷை வந்ததும் முதல் வேலையாக என் வைத்தியசாலைக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். ஏழாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. 'தான் பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடக்கூடும் எனத் தாய் கூறுகிறார். மொழிபெயர்ப்பு: கணவரின் சகோதரி.'

அந்தக் கோப்போடு நான் வழக்கறிஞரிடம் போனேன். மிதுனா என்னிடம் வந்தபோது அவளுக்கு நாலரை வயது. அதற்குப் பிறகு இராசமணி அவளைக் காண நான் விடவில்லை. ஒரு முறை பாடசாலை வேலிக்கு வெளியே கையில் ஒரு பையோடு நின்றாளாம். அடுத்த நாளே அதிபரிடம் போய், அந்தப் பெண் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைப் பழிவாங்கல் என்று நான் அப்போது எண்ணவில்லை. பிள்ளையின் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது அவள் என் காதுக்குள் இருந்தாள். பாஷை தெரிந்தும், மனதில் இருப்பதைத் தமிழில்தான் சொல்லமுடியும் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தாளாம்.

மருத்துவரின் பெயர் எமிலி. இளம்பெண், பொறுமைசாலி, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவள். "நெஞ்சு எரிவது சாப்பிட்ட பிறகா, முன்பா?" என்று கேட்டாள். நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் நிறுத்துவார். 'மொழிபெயர்ப்பாளராக ஒரு விளக்கம் சொல்லலாமா? தமிழில் இது துயரத்தைச் சொல்லும் வழி, இதயத்தையோ வயிற்றையோ பற்றியதாக இல்லாமலும் இருக்கலாம்' என்பார். வேறு எத்தனையோ பேருக்கு நான் அப்படி நிறுத்தியிருக்கிறேன். இராசமணிக்கு நிறுத்தவில்லை.

"சாப்பாடு என்ன தங்கச்சி. திண்டால் என்ன, திண்ணாட்டி என்ன," என்றாள் இராசமணி.

"சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்," என்றேன் நொர்வேஜிய மொழியில்.

அன்றைக்கு எமிலி அவளை வயிற்று வைத்தியரிடம் அனுப்ப முடிவு செய்தாள். தொலைபேசியை வைத்துவிட்டு நான் கண்ணாடி யன்னலில் என் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்கு அழைப்பு வந்தது. குரல் பழகியிருப்பது நோயாளிக்கு நல்லது என்று எமிலியே அதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தாள். இராசமணி தலை விறைக்குது என்றாள், விறைக்கிறது என்றேன், எமிலி நரம்பு வைத்தியத்தைப் பற்றி யோசித்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு வருகுது என்றாள், அப்படியே சொன்னேன், கண் பரிசோதனைக்குக் கடிதம் போனது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எந்த விசாரணைக் குழு வந்து பக்கத்தில் இருந்து கேட்டாலும் என்னில் பிழை பிடிக்க முடியாது. அவள் ஒரு சொல்லை மாற்றி என்னை அழித்தாள். நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் அவளை அழித்துக்கொண்டிருந்தேன். அந்த நேர்த்தியில் எனக்கு ஒரு தொழில்காரியின் பெருமையே இருந்தது.

மூன்றாவது செவ்வாயில், "நான் ஒரு பிள்ளையை வளத்தனான். பிறகு பறிச்சுக்கொண்டு போட்டினம்," என்றாள்.

எமிலி உசாராகிவிட்டாள் என்று அவளுடைய மூச்சிலேயே தெரிந்தது. "அது உங்களுடைய பிள்ளையா?"

கதிரை கிறீச்சிட்டது.

"இல்லை. என்ரை இல்லை."

"இல்லை. என்னுடையது இல்லை," என்றேன். என் தொழில் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு தெளிவாக நான் மொழிபெயர்த்ததில்லை. இரண்டு மொழிகளிலும் அந்த வாக்கியத்தை அன்று முழுவதும் வாய்க்குள் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் பாடசாலை விட்டு வந்த மிதுனா, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, நீங்கள் ஏன் தீர்ஸ்டாக் எண்டால் மட்டும் பாடுறீங்கள்?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமையை அவள் அந்தப் பாஷையில்தான் சொல்லுவாள். நான் பாடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

ஐந்தாவது செவ்வாய் நவம்பர் நடுப்பகுதி. அன்றைக்கு இராசமணி தொண்டையைச் செருமவில்லை. எமிலி இரண்டு கேள்வி கேட்டாள். ஓம், இல்லை என்று பதில் வந்தது. பிறகு, ஒருவரும் கேட்காமலே, மிக அமைதியாகச் சொன்னாள்:

"எனக்கு இனிக் காணும் தங்கச்சி. போய்ச் சேந்திட்டால் எல்லாருக்கும் நிம்மதி."

தமிழ் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அதன் பொருள் தெரியும். நான் மூச்சை இழுத்தேன். வாய் பழக்கத்தில் வேலை செய்தது. "எனக்கு இனிப் போதும். போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி," என்று நொர்வேஜிய மொழியில் சொன்னேன். அந்த மொழியில் அது ஒரு பயணத்தைப் பற்றிய பேச்சு.

"எங்கே போக விரும்புகிறீர்கள்?" என்று அன்போடு கேட்டாள் எமிலி.

அந்த இடத்தில் திருத்தியிருக்கலாம். ஒரே ஒரு நொடி போதும். "எங்க போகப்போறீங்கள் எண்டு கேக்கிறா," என்றேன்.

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு என்று பிறகுதான் விளங்கியது.

"அவவுக்கு விளங்கேல்லைப் போல. பரவாயில்லை," என்றாள் இராசமணி. "ஊருக்கு எண்டு சொல்லு."

ஊருக்கு என்று சொன்னேன். ஊர்நினைவு வருவது இயல்புதான், வசந்தகாலத்தில் ஒரு பயணம் போய்வருவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள் என்றாள் எமிலி. பாதை பூட்டி, சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு ஒரு மனிதரும் போகமுடியாமல் இருந்த நேரம் அது. எமிலிக்கு அது தெரியவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு கிழமையாகச் சொல்லுங்கோ, கேளுங்கோ என்றவள் அன்றைக்குச் சொல்லு என்றாள்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு எமிலியின் அழைப்பு வந்தது. "நோயாளி இன்னும் வரவில்லை. கொஞ்சம் காத்திருப்போம்." காத்திருந்தோம். அவளுடைய கணினியில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. கால் மணித்தியாலம் கழித்து, "சரி, இன்றைக்கு இவ்வளவுதான். புதிய திகதி ஒன்று அனுப்பிவிடுகிறேன்," என்று நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து அதே கதிரையில் இருந்தேன். அவள் செத்திருந்தால்? அந்த எண்ணத்தை நான் துரத்தவில்லை. வாசலைத் திறந்து உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். சடங்கு மண்டபத்தில் சவப்பெட்டி, கண்ணாடி மூடிக்குக் கீழே கோத்த கைகள், கடைசி வரிசையில் நான். யாருக்கும் தெரியாது. ஒரு காகிதத்திலும் இல்லை. எவ்வளவு சுத்தமான முடிவு. தேநீர் ஆறி மேலே ஆடை படரும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். வந்தது கோபம். இவ்வளவு இலகுவாக அவள் தப்பிவிடுவாளா? நான் ஒரு வார்த்தைகூட அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லையே. ஏழாம் பக்கத்தை அவள் பார்க்கவே இல்லையே. போய்ச் சேருவதற்கு அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது?

கோப்பிலிருந்து அந்தப் பக்கத்தை உருவி மடித்துக் குளிர்ச்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ரொம்மனிலிருந்து ஹவுகன்ஸ்டுவாவுக்கு நடக்கிற தூரம்தான். ஐந்து வருடமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. முதல் பனி விழுந்து, பாதி உருகி, நடைபாதை முழுக்கச் சேறாகக் கிடந்தது. வேகமாக நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

மணியடித்து வெகுநேரம் கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை விரலை எடுக்காமல் அழுத்தினேன். திறந்தாள். கணவருடைய பெரிய கம்பளிச் சட்டை, வாரப்படாத தலை, பாதியாகிவிட்ட உடம்பு. என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"வா கமலா. சப்பாத்தைக் கழட்டாத. நிலம் குளிருது."

வீடு கண்ணைக் குத்தும் சுத்தமாக இருந்தது. கதிரையின் முதுகில் ஆண்பிள்ளைச் சட்டைகள் ஏழெட்டு, தேய்த்து மடித்து அடுக்கியிருந்தன. சிறீஸ்கந்தராசா ரொட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். மூன்று மணிக்குத்தான் வருவார். மேசையில் வயிற்றுக் குளிசைப் பெட்டிகளும் கண்ணுக்கு விடும் மருந்தும். "தொண்டைக்குள்ளால குழாய் விட்டும் பாத்தவை," என்றாள், நான் அவற்றைப் பார்ப்பதைக் கண்டு. "உன்ர புண்ணியத்தில." குரலில் குற்றச்சாட்டு இல்லை. தேநீருக்குப் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஐஸ்கிறீம் பெட்டிகள் வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் பெரிய எழுத்து. புதன் மீன். வியாழன் பருப்பு. வெள்ளி கத்தரிக்காய். மேல்தட்டிலும் அப்படியே, அடுத்த ஞாயிறு வரைக்கும்.

"உதெல்லாம் ஆருக்கு?" என்று கேட்டேன். விடை தெரிந்தே கேட்டேன்.

"அந்த மனிசனுக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது," என்றாள், கதவை மூடியபடி.

கதிரையை இழுத்து இருந்தேன். எனக்கு எதிரே அவளும் இருந்தாள்.

"நான்தானெண்டு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. நீ அந்த வாசகம் சொன்னாயே, கூட்டமாட்டன் குறைக்கமாட்டன் எண்டு. அப்பவே."

"தெரிஞ்சும் ஏன் வந்தனீங்கள்? டொக்டரிட்டைச் சொல்லி ஆளை மாத்தியிருக்கலாமே?"

"டொக்டர்ப் பிள்ளைக்கு என்ன விளங்கும். நீ கேப்பாய் எண்டுதான் வந்தனான்." கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்தாள். "வேற ஆரிட்டைப் போய்ச் சொல்ல? எங்கட சனத்திட்டைச் சொன்னால் விசர் எண்டுங்கள். உன்னையும் நானே அப்பிடிச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்தானே."

நான் அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். விரலை வரியில் வைத்தேன். அவள் கண்ணாடி போடாமலே குனிந்து வாசித்தாள். உதடு அசைந்தது.

"எனக்கு அப்ப பாஷை காணாது," என்றாள்.

நான் விரலை வரியிலேயே வைத்திருந்தேன். காத்திருப்பது எமிலியிடம் கற்றது. சுவரில் மணிக்கூடு ஓடியது. இராசமணி தாளைத் தன் பக்கமாக இழுத்து, மீண்டும் ஒரு தரம் வாசித்தாள்.

"இல்லை. பாஷை போதுமா இருந்தது," என்றாள். "நீ சொன்னது விளங்கினது. அதை எப்பிடிச் சொல்லவேணும் எண்டும் தெரியும். மூண்டு தரம் எனக்கு வயித்திலேயே போனது கமலா. நீ பெத்துப்போட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தாய். அது பக்கத்தில வீரிட்டுக் கத்துது. எனக்கு ஆத்திரம். அந்த டொக்டர் பேனையை வைச்சுக்கொண்டு என்ர வாயைப் பாத்துக்கொண்டிருந்தது. ஒரு சொல்லு. ஒரு சொல்லுத்தான் மாத்தினனான்."

ஒன்பது வருடமாக நான் ஒத்திகை பார்த்த வசனங்கள் எனக்கு இருந்தன. பேருந்தில், குளியலறையில், நித்திரை வராத படுக்கையில் கூர்தீட்டிய வசனங்கள். ஆனால் கேட்டது இதுதான்:

"அவள் முதல் முதல் நடந்தது எங்க?"

இராசமணி தலையை நிமிர்த்தினாள்.

"எனக்குத் தெரியாது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் அந்த அறைக்கு வாற புதன்கிழமை அவள் நடந்துகொண்டு வந்தாள். அதுக்கு முதல் புதன் தவழ்ந்தவள். இடையில என்ன நடந்தது?"

"இஞ்சைதான்." கையை நீட்டிக் காட்டினாள். "இந்த மேசைக்கும் அந்தக் கதவுக்கும் இடையில. நாலு அடி. ஐஞ்சாவதுக்கு விழுந்திட்டாள். அழேல்லை. திரும்பி மேசையைப் பாத்து ஏசினவள், மேசைதான் தள்ளிவிட்ட மாதிரி."

நான் அந்தத் தரையைப் பார்த்தேன். சாதாரண மரப்பலகைத் தரை. என் நெஞ்சு எரிந்தது. அதைக் கேட்பதற்கு அவ்வளவு பசியாகவும் அதைச் சொல்லும் வாயை அடிக்கவேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. முதல் பல், முதல் காய்ச்சல், முதல் சொல், எதற்குப் பயந்தாள், எதைப் பார்த்துச் சிரித்தாள் எல்லாம் இந்த ஒருத்தியின் தலைக்குள் கிடந்தது. வேறு எங்கும் இல்லை. சந்திரகுமாருக்கு அவளுடைய பிறந்தநாளே நினைவில்லை.

"கேளுங்கோ மச்சாள்," என்றேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் தானாக வந்தது. குரலில் ஈரம் இல்லாமல் வந்தது. "நான் உங்களை மன்னிக்க வரேல்லை. மன்னிக்கவும் மாட்டன். நாலரை வருசம் எடுத்தனீங்கள். அதை எனக்குத் திருப்பித் தாறியள். ஒவ்வொரு நாளா இருந்து சொல்லுறியள். ஒண்டும் விடாமல். அதைச் சொல்லி முடிக்காமல் நீங்கள் ஒரு இடமும் போகேலாது."

"சொல்லி முடிச்சால்?"

"நீங்கள் முடிக்கமாட்டியள். நான் திருப்பித் திருப்பிக் கேப்பன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அதைக் கண்டதில் எனக்கு ஒரு திருப்தி. ஒளிக்காமல் சொல்கிறேன், திருப்திதான்.

அவர்களுடைய வீட்டுத் தொலைபேசியை எடுத்து, மேசையில் கிடந்த அழைப்புக் கடிதத்தைப் பார்த்து எமிலியின் இலக்கத்தை அழுத்தினேன். அவளே எடுத்தாள். செவ்வாய்க்கிழமை மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், என் பெயர் கமலாதேவி என்றேன். நோயாளி எனக்கு உறவு, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். போன கிழமை ஒரு வசனத்தின் பொருளை மறைத்தேன், வேண்டுமென்றே மறைத்தேன் என்றேன்.

அங்கே விசைகளின் சத்தம் நின்றுவிட்டது. "எந்த வசனம்?"

மொழிபெயர்க்கும்போது அவர் சொல்கிறார், அவள் சொல்கிறாள் என்று சொல்லக்கூடாது. பேசுகிறவராகவே நின்று, நான் என்றே சொல்லவேண்டும். மேசைக்கு அப்பால் இராசமணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாழ்ந்தது போதும்," என்றேன் நொர்வேஜிய மொழியில். "நான் சாக விரும்புகிறேன். நான் செத்தால் எல்லோருக்கும் நிம்மதி."

வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது எனக்கு இந்த வசனம் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

"ஓம். அதுதான். சரியாச் சொல்லிப்போட்டாய்," என்றாள் இராசமணி மெதுவாக.

எமிலி விரைவாகவும் அமைதியாகவும் பேசினாள். அவர் இப்போது உங்களோடு இருக்கிறாரா, தனியாக விடவேண்டாம், வாகனம் அனுப்புகிறேன், இருவரும் வாருங்கள், நானே வாசலில் நிற்பேன். வேறு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கிறேன். மற்ற விஷயத்தைப் பிறகு பேசவேண்டியிருக்கும். பேசவேண்டியிருக்கும் என்பதை நானும் ஒத்துக்கொண்டேன்.

"உன்ர வேலை போகும்," என்றாள் இராசமணி.

"போகட்டும்."

"எனக்காகவோ சொன்னனீ?"

"இல்லை."

"தெரியும்," என்றாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். நான் அவளுடைய குளிர்ச்சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கை ஒன்று உள்ளே போகாமல் தடுமாறியது. பிடித்து விடுவதா விடாமல் நிற்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே போட்டுவிட்டாள்.

லிப்டில் இறங்கினோம். கீழே, கட்டடத்தின் நுழைவாயிலில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். வெளியே மீண்டும் பனி பெய்யத் தொடங்கியிருந்தது. கடிதப் பெட்டிகளின் வரிசையில் நூறு நாட்டுப் பெயர்கள்.

"நடந்த அண்டைக்கு அவள் என்ன நிறம் போட்டிருந்தவள்?" என்று கேட்டேன்.

"மஞ்சள். முன்னுக்கு ஒரு தாராக்குஞ்சுப் படம். நீ புதன்கிழமை ஒண்டில கொண்டுவந்து குடுத்த சட்டை."

"எனக்கு நினைவில்லை."

"நீதான் குடுத்தனி. அப்ப அவள்..." என்று நிறுத்தினாள் இராசமணி. உயரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் குனிந்து, வலது கையைத் தன் முழங்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க நீட்டினாள். கொஞ்சம் உயர்த்தினாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி இறக்கிச் சரிபார்த்தாள். வெளியே வாகனம் வந்து நின்று விளக்கை இரண்டு தரம் அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. நானும் கதவைத் திறக்கவில்லை. அந்த உள்ளங்கைக்கும் தரைக்கும் இடையில் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.